போட்டவர்களும் பார்த்தவர்களும்

சைக்கிள் பந்தயம் பார்ப்பவர்களை எனக்கு இப்போது பிடிப்பதில்லை. ஓட்டுகிறவர்களைச் சொல்லவில்லை, பார்க்கிறவர்களைத்தான் சொல்கிறேன். ஊக்கமருந்து ஊசி போட்டுக்கொண்டு ஓட்டியவனுக்கு அந்தப் பொய்யால் ஏதோ கிடைத்தது. பார்த்தவர்களுக்கு என்ன கிடைத்தது? ஒன்றும் கிடைக்காமலேயே முதலில் அவனுக்காக ஊரோடு சண்டை போட்டார்கள். பிறகு அவன் படத்தை உடைத்தார்கள். பிறகு எதுவும் நடக்காததுபோல அவனை மறுபடி வீட்டுக் கூடத்துக்குள் அழைத்து உட்கார வைத்துக்கொண்டார்கள். இது மூன்றும் எங்கள் குடும்பத்துக்குள்ளேயே நடந்தது. நானும் அங்கேதான் இருந்தேன்.

காரைக்காலில் இருக்கும் ஒரு பெண்ணுக்குப் பிரான்ஸ் நாட்டுச் சைக்கிள் பந்தயத்தோடு என்ன சம்பந்தம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். என் அக்காவின் கணவர் சொல்தா வீட்டுப் பிள்ளை. அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு எங்கள் ஊரில் அந்தப் பெயர்தான். அத்தான் பிரெஞ்சுக் குடியுரிமையோடு பாரிஸுக்கு வெளியே ஒரு கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அக்காவும் அவரோடு பல வருஷம் அங்கே இருந்தாள். ஓய்வு பெற்றதும், குளிர் எலும்பில் ஏறுகிறது என்று இரண்டு பேரும் ஊருக்கே திரும்பிவிட்டார்கள். எங்கள் அப்பா விட்டுப்போன வீட்டில் நான் தனியாக இருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. அவர்கள் வந்ததும் வீடு நிறைந்த மாதிரி இருந்தது.

அவர்கள் அங்கே இருந்த காலத்தில் ஒரு கோடையில் என்னையும் வரவழைத்தார்கள். அத்தான் காரில் எங்களை ஒரு மலைப்பாதைக்கு அழைத்துப் போனார். காலையிலேயே போய் ஒரு வளைவில் பாயை விரித்து உட்கார்ந்தோம். அக்கா புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டி எடுத்து வந்திருந்தாள். மத்தியானத்துக்கு மேல் விளம்பர வண்டிகள் வந்து சாவிக்கொத்தும் தொப்பியும் வீசிவிட்டுப் போயின. அப்புறம் ஹெலிகாப்டர் சத்தம். அப்புறம் அவர்கள்.

எங்கள் ஊரில் மலை கிடையாது. அரசலாற்றுப் பாலம்தான் எங்களுக்கு மேடு. நானும் அலுவலகத்துக்குச் சைக்கிளில் போனவள். கடல்காற்று எதிரே அடிக்கும்போது அந்தப் பாலத்தில் ஏறுவது எப்படி இருக்கும் என்று என் தொடைகளுக்குத் தெரியும். அந்த மலையில் சைக்கிள்கள் ஏறக்குறைய ஓர் ஆள் ஓடும் வேகத்தில்தான் வந்தன. அதனால் ஒவ்வொரு முகத்தையும் பார்க்க முடிந்தது. எச்சில் காய்ந்த உதடு, கழுத்து நரம்பு, பிளந்த வாய். ஒருவன் என்னைத் தாண்டும்போது அழுதுகொண்டிருந்தான். வலியை இத்தனை பக்கத்தில், இத்தனை பேர் நடுவில், வெட்கமில்லாமல் ஒருவன் சுமந்துகொண்டு போவதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அன்றைக்கே நான் ரசிகையாகிவிட்டேன்.

அதே வளைவில் இன்னொன்றும் நடந்தது. எங்களுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வயதான வெள்ளைக்காரர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஓர் அட்டை. அதில் பெரிய ஊசி ஒன்று வரைந்து, கீழே அந்த வருஷத்து வீரரின் பெயரை எழுதியிருந்தார். அந்த வீரரின் பெயர் இங்கே வேண்டாம். அப்போது வருஷா வருஷம் ஜெயித்து, முதலாவதுக்குத் தரும் மஞ்சள் பனியனை வாங்கிக்கொண்டிருந்தவர், அவ்வளவு போதும். அத்தான் எழுந்து போய் அந்த அட்டையைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். ஒருவன் அந்தப் பெரியவரின் தொப்பியைத் தட்டிவிட்டான். அவர் குனிந்து துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டார்.

அத்தான் திரும்பி வந்ததும் அக்கா கேட்டாள். "அந்த ஆளு உங்கள என்னங்க பண்ணுனாரு?"

"நம்ம ஆள அசிங்கப்படுத்துறான்."

"நம்ம ஆளு எப்பலேர்ந்து?"

சந்தேகப்படுகிறவன்தான் அன்றைக்குக் குற்றவாளி. ஜெயிக்கிறவனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவன், விளையாட்டுக்குத் துரோகி, அப்படி என்னென்னவோ. எனக்கும் அந்தப் பெரியவர் மேல் எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு நல்ல நாளைக் கெடுக்க வந்து உட்கார்ந்திருக்கிறாரே என்று.

ஊருக்குத் திரும்பிய பிறகும் அத்தான் பந்தயத்தை விடவில்லை. ஜூலையில், மாங்கனித் திருவிழாக் கடைகளைப் பிரித்துக்கொண்டிருக்கும் நாட்களில் அது தொடங்கும். அங்கே மத்தியானம் என்றால் இங்கே சாயங்காலம். நான் அலுவலகத்திலிருந்து வந்து முகம் கழுவுவதற்குள் கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருக்கும். பிரெஞ்சு தேசிய நாளான பதினாலு ஜூலை அன்றைக்கு மட்டும் அத்தான் கோட்டு போட்டுக்கொண்டு பிரெஞ்சு பென்ஷன்காரர்களோடு கொடியேற்றத்துக்குப் போவார். மற்ற நாட்களில் லுங்கியோடு டிவி முன்னால்தான்.

அவரோடு பார்க்க வருகிறவர் ஒரே ஒருவர், துணிக்கடை வைத்திருந்த பாய். அவருடைய மகன்கள் இரண்டு பேரும் பிரான்ஸில் இருந்தார்கள். பாய்க்குப் பிரெஞ்சு அவ்வளவாக வராது. வர்ணனையாளர் சொல்வதை அத்தான் அவருக்குத் தமிழில் சொல்லுவார். அந்தி நேரத்து மக்ரிப் தொழுதுவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வருவார் பாய். அக்கா இஞ்சி டீ போட்டு வைத்திருப்பாள். அவளுக்குப் பந்தயத்தில் ஈடுபாடு இல்லை. சூரியகாந்தி வயலும் மாதா கோயில் கோபுரமும் மாடுகளும் வந்தால் மட்டும் நின்று பார்ப்பாள். "இந்த ஊருக்கு நாம ஒரு தடவ போயிருக்கோங்க," என்பாள்.

அந்த வீரருடைய படம் ஒன்றை அத்தான் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். மலையில் மற்றவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கும்போது அவருடைய வாய் மட்டும் மூடியிருக்கும். அதுதான் அவர் அழகு. "பாருங்க பாய், தவம் பண்றாப்புல இருக்கான்," என்பார் அத்தான். பாய் தலையை ஆட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பார். நானும்தான் பார்த்தேன். மூடிய வாயை நாங்கள் மூன்று பேரும் மன உறுதி என்று நினைத்தோம்.

பிறகு அது உடைந்தது. ஒரே நாளில் உடையவில்லை. முதலில் கூட ஓட்டிய ஒருவன் சொன்னான், அவனைப் பொய்யன் என்றார்கள். அப்புறம் இன்னொருவன், அவனுக்குப் பைத்தியம் என்றார்கள். கடைசியில் அந்த வீரரே ஆமாம் என்று சொல்லிவிட்டார். எரித்ரோபொய்ட்டின் என்று ரத்தத்தை ஊறவைக்கிற ஊசி. சிவப்பணு கூடும், மூச்சு வாங்காது, வாய் திறக்க வேண்டியதில்லை.

அத்தான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. படத்தை எடுத்துக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்ச் சட்டத்தைக் கல்லில் அடித்து உடைத்தார். கண்ணாடி சிதறி, அக்கா விளக்குமாறோடு அரைமணி நேரம் கூட்டினாள். கெட்ட வார்த்தைகளைப் பிரெஞ்சில்தான் சொன்னார். அந்த வாரம் முழுக்க வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் அந்த வீரரைத் திட்டினார். திருடன், கயவன், ஜெயிலில் போடணும். அட்டையை வைத்திருந்த பெரியவரைப் பற்றி மட்டும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் காத்திருந்தேன். பேசவில்லை.

பாய் ஒரு நாள் சாயங்காலம் வந்தார். டிவி முன்னால் உட்காராமல் வாசற்படியிலேயே நின்றார்.

"அத்தன வருஷம் மக்ரிப்ப அவசர அவசரமாத் தொழுதுட்டு ஓடி வந்தேங்க. கையேந்தி துஆகூட ஒழுங்காக் கேக்கல. எதுக்கு வந்தேன்? ஊசி போட்டவன பாக்க வந்திருக்கேன். அந்த நேரத்த எனக்கு யாரு திருப்பித் தருவா?"

அத்தான் சொன்னார், "நாம எல்லாரும்தான் பாய் ஏமாந்தோம்."

"நீங்க ஏமாந்தீங்களோ என்னமோ. எனக்கு இனிமே இது வேணாங்க."

அதற்குப் பிறகு அவர் பந்தயம் பார்க்க வரவேயில்லை. தெருவில் பார்த்தால் சிரிப்பார், நலம் விசாரிப்பார். ஜூலை வந்தால் எங்கள் தெருப்பக்கம் வருவதைக்கூடக் குறைத்துக்கொள்வார். எத்தனையோ ரசிகர்களைப் பார்த்துவிட்டேன். மானமுள்ள ரசிகர் என்று அவர் ஒருவரைத்தான் சொல்வேன்.

அத்தான் அடுத்த ஜூலையிலேயே டிவியைப் போட்டார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. முதலில் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, ஏதோ செய்தி பார்ப்பதுபோலப் பார்த்தார். அதற்கடுத்த வருஷம் சத்தம் கூடியது. அந்த வருஷம்தான் முதல் முறையாக அந்த வாக்கியத்தை அவர் வாயிலிருந்து கேட்டேன்.

"எல்லாரும்தான் போட்டானுங்க. போட்டவனுங்கள்ல அவன்தான் ஃபர்ஸ்ட்டு. அப்ப அவன்தானே பெரியவன்?"

"போடாதவன் ஒருத்தன் கடைசில வந்தானே அத்தான், அவன் எங்க?" என்றேன்.

"எவன்?"

"எவனோ. மலையில அழுதுகிட்டே போனானே. நாம பாத்தோம்."

"அவன் மட்டும் போடலன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியாது. அந்த நிச்சயத்தைத்தான் அவர்கள் என்னிடமிருந்து பறித்தார்கள். அன்றைக்கு அந்த வளைவில் அழுதுகொண்டே போனவனின் கண்ணீரைக்கூட இன்றைக்கு என்னால் நம்ப முடியவில்லை. அத்தானுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. எல்லாரும் திருடர்கள் என்று வைத்துவிட்டால் யாரையும் வெறுக்க வேண்டாம், நிம்மதியாக டீ குடிக்கலாம்.

இந்தச் சமயத்தில்தான் மாடிக்கு ஒரு வங்கி அதிகாரி குடிவந்தார். முப்பது முப்பத்தைந்து வயது, மேற்கே ஏதோ ஊர், குடும்பம் அங்கேயே இருந்தது. மூன்றாவது நாளே அட்டைப்பெட்டியில் ஒரு சைக்கிள் வந்தது. அதை மாடிப்படியில் ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு போனார். விடியற்காலையில் உடம்போடு ஒட்டிய சட்டை போட்டுக்கொண்டு, கூட்டாளிகளோடு ஒரு நாள் தரங்கம்பாடிப் பக்கம், ஒரு நாள் வேளாங்கண்ணிப் பக்கம் என்று போய்விட்டு ஆபீஸ் நேரத்துக்குத் திரும்பிவிடுவார். அத்தானுக்கு அவரைப் பார்த்ததும் பாய் விட்டுப்போன இடம் நிறைந்துவிட்டது.

அந்த மனிதரிடம் கோபம் என்பதே கிடையாது. அத்தானாவது ஒரு வாரம் கொதித்தார். இவருக்கு இதெல்லாம் கதை. பழைய வீரர்கள், பிடிபட்டவர்கள், தடை செய்யப்பட்டவர்கள் எல்லாரும் இணையத்தில் உட்கார்ந்து பழங்கதை பேசுகிற நிகழ்ச்சிகள் இருக்கின்றன. எந்த ஓட்டலில் யார் பையில் ஒளித்தோம், சோதனைக்காரர் வந்தபோது எந்த ஜன்னலைத் தாண்டினோம் என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். வங்கிக்காரர் கைப்பேசியை மேஜையில் சாய்த்து வைத்து அதைப் போட்டுக்காட்டுவார். அத்தான் விழுந்து விழுந்து சிரிப்பார். ஒரு காலத்தில் சட்டத்தை உடைத்த அதே கை தொடையைத் தட்டிக்கொண்டிருக்கும். எந்த முகத்தைக் கயவன் என்று திட்டினாரோ அதே முகத்தைப் பார்த்து, "பய நல்லாப் பேசுறான்," என்பார். எனக்குக் காது கூசும். தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விடுவேன்.

அக்காவுக்குச் சர்க்கரை நெடுநாளாகவே இருந்தது. காலில் வீக்கம், முகத்தில் வீக்கம் என்று போய்ப் பார்த்ததில் இரண்டு கிட்னியும் போய்விட்டதாகச் சொன்னார்கள். டயாலிசிஸ் தொடங்கியது. ஊசிகள் ஏறி ஏறி அவளுடைய இடது கை கயிறு முறுக்கிய மாதிரி ஆனது. அதைவிட அவளைப் படுக்கப் போட்டது அசதி. அடுக்களையிலிருந்து கூடத்துக்கு வருவதற்குள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நகம் வெள்ளைத்தாள்போல ஆகிவிட்டது.

டாக்டர் சொன்னார், "ரத்தம் ஊறுறதுக்கு வேண்டிய சரக்க கிட்னிதாம்மா தயார் பண்ணும். இவங்களுக்கு அது இல்ல. அதனால நாம வெளியேருந்து கொடுக்கணும்."

சீட்டில் அவர் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். எரித்ரோபொய்ட்டின். வருஷக்கணக்காக நான் வெறுத்த சொல். அதை மருந்துக்கடையில் பெயர் சொல்லிக் கேட்டு, ஐஸ் கட்டி போட்ட ஃபிளாஸ்க்கில் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். வீட்டில் குளிர்ப்பெட்டியில் வெண்ணெய் வைக்கும் தட்டில் வைத்தேன். டயாலிசிஸ் நாளன்று ஒன்றை எடுத்துக்கொண்டு போனால் நர்ஸ் போட்டுவிடுவார்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. சில வாரம் போனது. ஒரு நாள் நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது அக்கா வீட்டில் இல்லை. பதறிப்போய்த் தேடினால் மொட்டைமாடியில் நிற்கிறாள். காயப்போட்ட துணியை எடுக்கத் தானே ஏறியிருக்கிறாள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி பதறுற? மூச்சு வாங்கலடி," என்றாள்.

உண்மைதான். அவள் வாய் மூடியிருந்தது. மூக்கால் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். எந்த மருந்து அந்த வீரனின் வாயை மூடி வைத்ததோ அதே மருந்து. அந்த மருந்தின்மேல் எனக்கிருந்த வெறுப்பு அன்றைக்குப் போய்விட்டது. மனிதர்கள்மேல் இருந்த வெறுப்பு இரண்டு மடங்கானது. படிக்கட்டு ஏற முடியாதவர்களுக்காக யாரோ கண்டுபிடித்ததை, ஏற்கெனவே மலை ஏறத் தெரிந்தவர்கள் இன்னும் வேகமாக ஏற எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குக் கைதட்ட ஆளும் இருக்கிறது.

அத்தான் ஒரு நாள் குளிர்ப்பெட்டியிலிருந்து அந்த மருந்துப் பெட்டியை எடுத்துப் படித்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அந்தப் பெயரைப் பிரெஞ்சுக்காரர்கள் சுருக்கிச் சொல்கிற மாதிரி, "ஏ-பே-ஓ," என்றார். "அட, நம்ம வீட்டுக்கே வந்துடுச்சா." மாடியிலிருந்து வங்கிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் அந்தச் சின்னக் கண்ணாடிக் குழலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள்.

"அடுத்த வருஷம் நம்ம மேடத்துக்குத்தான் மஞ்ச பனியன்," என்றார் வங்கிக்காரர்.

அத்தான் சிரித்தார். கட்டிலில் இருந்த அக்காவும் மரியாதைக்குச் சிரித்தாள். நான் போய் அவர்கள் கையிலிருந்து அதை வாங்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். "வெளியில வெச்சா கெட்டுடும்," என்று மட்டும் சொன்னேன்.

மாசி மாதம் போல, ஒரு டயாலிசிஸ் நாள் காலையில் ஃபிளாஸ்க்கை எடுத்து வைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தால் உள்ளே காலி. ஓர் ஊசி இருக்க வேண்டும். கடைக்காரர் குறைத்துக் கொடுத்துவிட்டார் என்று நினைத்து, அக்காவை ஆட்டோவில் உட்கார வைத்துவிட்டு நேரே மருந்துக்கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். கடைக்காரர் பொறுமையாக, "நீங்கதானம்மா தெறந்து எண்ணிப் பாத்து வாங்குனீங்க. நான் ஐஸ் வெக்கிறப்ப நீங்க பக்கத்துலதான் நின்னீங்க," என்றார். அவர் சொன்னது சரி. நான் அப்படித்தான் வாங்குவேன். புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு போய் நர்ஸிடம் கொடுத்துவிட்டு, அக்கா படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எடுத்தது யாரென்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அக்காவைக் கட்டிலில் படுக்கவைத்தேன். அத்தான் நாற்காலியில் இருந்தார்.

"ஊசி எங்க அத்தான்?"

"எந்த ஊசி?"

நின்றுகொண்டே இருந்தேன். அவர் வேட்டி நுனியைச் சரிசெய்தார்.

"மேல அந்தத் தம்பி கேட்டுச்சு. குடுத்தேன். ஒண்ணுதான. நாளைக்கு வாங்கி வெச்சுடலாம்னு இருந்தேன், மறந்துட்டேன்."

"அக்காவோட மருந்த எடுத்து அவருக்குக் குடுத்தீங்களா?"

"அவனுக்கு ஏதோ பந்தயம் இருக்காம். போட்டா எப்படி இருக்கும்னு பாக்கணும்னான்." தணிந்த குரலில் சொன்னார். "எனக்கும் பாக்கணும்போலதான் இருந்துச்சு."

அவரை அடித்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் இருந்தது. இத்தனை வருஷம் டிவி முன்னால் உட்கார்ந்து அவர் பார்த்தது எதை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் ஓட்டியவனைப் பார்க்கவே இல்லை, ஊசியைத்தான் பார்த்தார்.

"திருட்டுப் பயலுக்கு ரசிகனா இருந்தீங்க. இப்ப நீங்களே ஆயிட்டீங்க," என்றேன். அவரை நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

அக்கா கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "அந்தத் தம்பிய வரச் சொல்லு."

வங்கிக்காரர் இறங்கி வந்தார். குளித்துத் தலை சீவியிருந்தார். விஷயம் தெரிந்ததும் முகத்தில் லேசான அசட்டுச் சிரிப்பு வந்தது. பயமில்லை.

"போட்டுக்கிட்டீங்களா தம்பி?" என்று அக்கா கேட்டாள்.

"போட்டேன் மேடம். சாரி. ஒண்ணுதான். சொல்லப்போனா ஒரு எஃபெக்ட்டும் இல்ல."

"ஒண்ணு போட்டா ஒண்ணும் ஆவாது. எனக்கு எந்திரிச்சு நடக்கவே எவ்வளவு நாளாச்சு. ரத்தம் நல்லா இருக்கறவங்க போட்டா கெட்டியாயிடும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நெஞ்ச அடச்சுதுன்னா ஒங்க வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

அவர் சீவிய தலையைத் தடவிக்கொண்டார்.

"யாரத் தோக்கடிக்கணும்னு போட்டீங்க?"

"தோக்கடிக்கல்லாம் இல்ல மேடம். என் டைமிங்க நானே கொஞ்சம் பெட்டர் பண்ணிக்கலாம்னு. யாரையும் ஏமாத்தல. இன்னிக்கு யார்தான் போடல சொல்லுங்க. பெரிய பெரிய ஆளுங்களே போட்டுட்டு இப்ப ஜாலியாப் பேசிக்கிட்டிருக்காங்க. சார்கிட்டக் கேட்டுப் பாருங்க."

அக்கா அத்தானைப் பார்க்கவில்லை. "மாசக் கடசிக்குள்ள வேற வீடு பாத்துக்குங்க தம்பி," என்றாள்.

"இதுக்கா மேடம்?"

"இதுக்குத்தான்."

அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. வாடகை ஒரு தடவைகூடத் தாமதித்ததில்லை, சத்தம் போட்டதில்லை, ஒரு சின்ன ஊசிக்குப் போய் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்களே என்ற திகைப்பு அவர் முகத்தில் இருந்தது. போகிற அன்றைக்கு அத்தானிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனார்.

அத்தானிடம் அக்கா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள், "இனிமே என்கூட டயாலிசிஸுக்கு நீங்கதான் வரணும். விட்டுட்டுப் போறதில்ல. முடியற வரைக்கும் பக்கத்துல உக்காந்திருக்கணும்," என்றாள். அதுவரை நான்தான் விடுப்புப் போட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். அவர் மறுபேச்சில்லாமல் போனார். கண்ணெதிரே குழாயில் அவள் ரத்தம் சுற்றுவதைப் பார்த்தாலாவது மனிதர் மாறுவார் என்று நினைத்தேன். அவர் நேரம் தவறாமல் போகிறார், வெந்நீர் ஃபிளாஸ்க் தூக்குகிறார், போர்வை போர்த்திவிடுகிறார், அதையெல்லாம் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நாள் அலுவலகத்திலிருந்து நான் நேரே அங்கே போனபோது, அக்கா கண்மூடிப் படுத்திருக்க, பக்கத்து ஸ்டூலில் அத்தான் காதில் கம்பியை மாட்டிக்கொண்டு கைப்பேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். அந்தப் பழைய வீரர்தான் பேசிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. கையில் ஏதோ பானம்.

அந்த வாரம் அக்காவுக்குக் கை தளர்வாக இருக்கும் ரவிக்கைத்துணி வாங்கப் பாய் கடைக்குப் போனேன். அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். சொல்லத் தொடங்கி, நடந்தது முழுவதையும் கொட்டிவிட்டேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"நோயாளி மருந்த எடுத்தா குடுத்தாரு?"

"ஆமாம் பாய்."

அவர் துணியை மடித்துத் தாளில் சுற்றினார். "அவனுங்கள எல்லாம் நான் அன்னிக்கே விட்டுட்டேன் தங்கச்சி. ஒங்க அத்தானத்தான் விட முடியல. தெருவுல பாத்தா சலாம் சொல்லத்தான் வேண்டியிருக்கு," என்றார். எனக்குக் கொஞ்சம் மனசு ஆறியது. என்னைத் தவிர இன்னும் ஒருவருக்காவது கோபம் மிச்சமிருக்கிறது.

போன ஜூலையில் அக்கா தானாகவே டிவியைப் போடச் சொன்னாள். அன்றைக்கு டயாலிசிஸ் இல்லை, கொஞ்சம் தெம்பாக இருந்தாள். மலையைப் பார்க்கணும் என்றாள். மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்தோம். வழியில் ஓர் ஊரில் அந்தப் பழைய வீரர் விருந்தினராக வந்திருப்பதைக் காட்டினார்கள். அவரோடு படம் எடுத்துக்கொள்ள ஒரு வரிசை நின்றது. அப்பா அம்மாவோடு வந்தவர்கள், பழைய தொப்பி போட்டவர்கள். யார் கையிலும் அட்டை இல்லை. வர்ணனையாளர் அவரைப் பெயர் சொல்லி வரவேற்று ஏதோ ஜோக் அடித்தார்.

கொஞ்ச நேரத்தில் ஓர் இளம் வீரன் கூட்டத்திலிருந்து பிரிந்து மலையில் ஏறத் தொடங்கினான். என்ன வேகம். பின்னால் வந்தவர்கள் நின்றுவிட்ட மாதிரி இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. சிலிர்த்த உடனே அவன் வாயைப் பார்த்தேன். இனி எவனைப் பார்த்தாலும் வாயைத்தான் பார்ப்பேன்.

"போட்டிருப்பான்," என்றார் அத்தான். மழை வரும்போல என்று சொல்கிற அதே குரலில்.

"அப்ப எதுக்குப் பாக்குறீங்க?"

"வேற என்னத்தப் பாக்குறது?"

"ஒருத்தன் நெஜமாவே நல்லா ஓட்டுறவனா இருந்தா? அவன் காதுல இது விழுந்தா என்ன ஆவும்?"

"அவன் காதுல எங்க விழப்போவுது," என்றார். பிறகு, "ஒனக்கு எப்பப் பாத்தாலும் சண்டைதான்," என்று சொல்லி டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்கா எங்கள் இரண்டு பேரையும் கவனிக்கவில்லை. மலைச்சரிவில் மணி கட்டிய மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனாள். நான் எழுந்து போய் அவள் காலடியில் போர்வையைச் செருகினேன்.

அந்த மாதக் கடைசியில் டிவிச் சந்தாவிலிருந்து அந்த விளையாட்டுச் சேனலை நீக்கச் சொல்லிவிட்டேன். சந்தா என் பெயரில்தான் இருக்கிறது. அத்தான் ஏன் என்று கேட்கவில்லை. கொல்லைப்பக்கம் நாற்காலி போட்டுக்கொண்டு கைப்பேசியில் பார்க்கிறார். சிரிப்புச் சத்தம் வந்தால் அடுக்களை ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.